பெயர்ப்பலகையின் விலை: ஓர் அறவியல் நோக்கு

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில், பிங்கா ஓயாவை அண்டி, அக்குறணை நகரம் அமைந்துள்ளது. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூர் வணிகத்தால் வளர்ந்த ஊர். சாலையின் இரு மருங்கிலும் நீண்டு கிடக்கும் கடைத்தெருவே இதன் உயிர்நாடி எனலாம். கடைகள் தோறும் பெயர்ப்பலகைகள். சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும், சிற்சில இடங்களில் அரபு எழுத்திலும், உரிமையாளரின் பெயரையோ அவர்தம் பிள்ளையின் பெயரையோ தாங்கி அவை நிற்கின்றன. வழிப்போக்கர் அவற்றைப் படித்துக்கொண்டே செல்கின்றனர். அவற்றின் விலை யாது, அவ்விலையை நிர்ணயித்தவர் யார், அது நியாயமானதுதானா என்று வினவுவோர் மிக அரியர்.

அரிசிக்கும் சீனிக்கும் இன்ன விலை என்பதை ஊர் முழுவதும் அறியும். சில அத்தியாவசியப் பொருள்களுக்கு உச்ச விலையை விதிக்கும் அதிகாரம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் வழி நுகர்வோர் அதிகார சபைக்கு உண்டு. பெயர்ப்பலகைக்கோ ஊரறிந்த விலை இல்லை. அரசறிந்த விலையும் இல்லை. ஒவ்வொரு பலகையும் ஒருமுறைதான் செய்யப்படுகிறது. ஒருவர் கடைக்குச் செய்த பலகை இன்னொருவருக்கு உதவாது. செய்விப்பவர் வாங்க மறுத்தால் அது வெறுந் தகரம். இத்தகைய பொருளுக்குச் சந்தை விலை என ஒன்றைச் சுட்டிக்காட்டித் தப்பித்துக்கொள்ளல் இயலாது. செய்பவரும் செய்விப்பவரும் ஒரு மேசையின் இருபுறத்தும் அமர்ந்து பேசி முடிக்கும் தொகையே விலை. எவ்வளவு வாங்க முடியும் என்பது ஒரு வினா. எவ்வளவு வாங்கத் தகும் என்பது பிறிதொரு வினா. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை உணர்பவருக்கே அறவியற் பிரச்சினை தோன்றுகிறது.

எழுத்து வேலைக்கு அரசே விலை கட்டிய காலமும் உண்டு. கி.பி. 301இல் உரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் பிறப்பித்த உச்ச விலைக் கட்டளையில், சிறந்த கையெழுத்தில் நூறு வரி எழுதுவதற்கு 25 தெனாரியம் என்றும், இரண்டாந்தர எழுத்தாயின் 20 தெனாரியம் என்றும் விதிக்கப்பட்டிருந்தது. சுவருக்கு வண்ணம் தீட்டுபவனுக்கு நாளொன்றுக்கு 75; உருவம் தீட்டுபவனுக்கு 150; வயற்கூலிக்கு 25. கையின் திறனுக்கு ஏற்பக் கூலி மும்மடங்காகவும் அறுமடங்காகவும் உயரலாம் என்பதை அக்கட்டளை ஏற்றுக்கொண்டமை கவனித்தற்குரியது. ஆயின் அது நிலைக்கவில்லை. பொருள்கள் சந்தையிலிருந்து மறைந்தன என அக்காலத்து எழுத்தாளரான லக்ரான்ரியஸ் குறிப்பிடுகிறார். நியாய விலையைக் கல்லிற் பொறித்துவிடலாம் என்ற எண்ணம் அன்றே தோற்றது. அதனால் நியாய விலை என ஒன்று இல்லை என்ற முடிவுக்கு வருவோரும் உளர். அம்முடிவு அவசர முடிவாகும்.

விலை பேசுதற்கு முதலில் ஓர் அளவை வேண்டும். துணிக்கு யார், பாலுக்கு லீற்றர், எழுத்துக்கு யாது? தூரிகையும் எனாமல் வர்ணமும் கொண்டு எழுதும் வேலையில் எழுத்துக் கணக்கிற் கூலி பேசுவது பழைய வழக்கம். இங்கே மொழியே ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. 'கொழும்பு' என்பது தமிழிலக்கணப்படி நான்கெழுத்து. ஆயினும் 'கொ' என்னும் ஓரெழுத்தை எழுத ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று உருக்கள் வேண்டும். நன்னூலார் ஒன்றென எண்ணுவதைத் தூரிகை மூன்றென எண்ணுகிறது. 'ஹோட்டல்' தமிழில் நான்கெழுத்து, ஆங்கிலத்தில் ஐந்து. எழுத்துக் கணக்கே நியாயமாயின் தமிழ்ப் பலகை மலிவாகவும் ஆங்கிலப் பலகை விலைகூடியதாகவும் இருத்தல் வேண்டும். எழுதுபவரின் கைவலியோ இதற்கு நேர்மாறான சான்று பகரும். (இலக்கண ஆசிரியர்கள் பெயர்ப்பலகை எழுதியிருந்தால் நூற்பா சில வேறுவிதமாக அமைந்திருக்கக்கூடும்.)

கணினியும் அச்சு இயந்திரமும் வந்த பின் இவ்வளவை மாறியது. பிளெக்ஸ் துணியில் அச்சிடும் பனருக்குச் சதுர அடிக் கணக்கே வழக்கம். இயந்திரத்துக்குத் தமிழும் ஒன்றே, ஆங்கிலமும் ஒன்றே. வெற்றிடமும் எழுத்தும்கூட ஒன்றே. சதுர அடிக் கணக்கு நேர்மையானது போலத் தோன்றுகிறது. அளவு நாடாவை யார் பிடித்தாலும் ஒரே எண்தான் வரும். ஆயின் அது அளப்பது துணியையே. அந்தத் துணியில் எப்பெயரை எங்கே எவ்வளவு பெரிதாக இட வேண்டும், மும்மொழியும் ஒன்றையொன்று நெருக்காமல் எவ்வாறு அமைய வேண்டும், வேகமாகச் செல்லும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு எது தெரிய வேண்டும் என்னும் சிந்தனை சதுர அடியில் அகப்படுவதில்லை. பத்துச் சதுர அடிப் பலகைக்கும் நூறு சதுர அடிப் பலகைக்கும் இச்சிந்தனை ஏறக்குறைய ஒரே அளவினதே. எனவே சதுர அடிக்கு மட்டும் விலை சொல்லும்போது சிறு பலகை செய்விக்கும் சிறு கடைக்காரருக்குச் சிந்தனை இனாமாகவும், பெரும் பலகை செய்விப்பவருக்கு அதுவே பன்மடங்கு விலைக்கும் போகிறது. எந்த அளவையும் நடுநிலையானதன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை எண்ணாது விடுகிறது.

எண்ணாது விடப்படுவனவற்றுள் தலையாயது காலம். வாடிக்கையாளர் காண்பது கை அசையும் நேரத்தை மட்டுமே. அளவெடுக்கச் சென்று கடை உரிமையாளர் வரும்வரை காத்திருந்த காலை, மூன்று முறை மாற்றி வரைந்த மாதிரி, கேட்டுவிட்டுத் திரும்பி வராதவருக்குச் செலவிட்ட மாலை, கண்டிப் பிரதேசத்துப் பின்னேர மழையில் ஏணியில் ஏற இயலாது கழிந்த நாள் ஆகியன எவர் பற்றுச்சீட்டிலும் இடம்பெறுவதில்லை. உதாரணமாக ஒரு கணக்கைக் கொள்ளலாம். மாதம் 26 வேலை நாள்கள், நாளுக்கு 8 மணித்தியாலம் எனின் மொத்தம் 208 மணித்தியாலங்கள். கடை வாடகை, மின்சாரம், இயந்திரக் கடன், உதவியாளர் கூலி, உரிமையாளரின் குடும்பச் செலவு யாவும் சேர்ந்து மாதத்துக்கு 208,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் மணித்தியாலத்துக்கு 1,000 ரூபா என மேலோட்டமாகச் சொல்லலாம். ஆனால் அந்த 208இல் பாதிதான் கூலி தரும் வேலையிற் செல்லுமாயின் உண்மையான தொகை 2,000 ரூபாவாகிறது. ஆறு மணித்தியால வேலையும் 9,000 ரூபா மூலப்பொருளும் கொண்ட பலகைக்கு முதற் கணக்குப்படி 15,000. இரண்டாம் கணக்குப்படி 21,000. முதலாவது தொகையைச் சொல்பவர் தம்மை நேர்மையாளர் என்றே கருதுகிறார். வாடிக்கையாளரும் அவ்வாறே வாழ்த்திச் செல்கிறார். இடையிலுள்ள 6,000 ரூபாவை யாரோ ஒருவர் செலுத்தத்தான் செய்கிறார்.

வேலையற்ற நாளின் செலவையும் வேலையுள்ள நாளின் கூலியிற் சேர்ப்பது பேராசை ஆகாதா எனச் சிலர் வினவலாம். 1776இல் வெளிவந்த நூலில் அடம் ஸ்மித் இதற்கு விடை பகர்ந்துள்ளார். கொத்தனார் கடும் பனியிலும் மோசமான காலநிலையிலும் வேலை செய்ய இயலாது; எனவே வேலை கிடைக்கும் நாளில் அவன் ஈட்டுவது வேலையற்ற நாளிலும் அவனைக் காத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு மேலும் ஒருபடி சென்று, அந்நிலையற்ற வாழ்வு தரும் மனக்கவலைக்கும் சிறிது ஈடு வேண்டும் என்கிறார். அக்குறணைக்கு இவ்வாதம் நன்கு பொருந்தும். 2020 மார்ச் மாத இறுதியில் கொவிட் நோய்ப் பரவலை முன்னிட்டு அவ்வூர் முற்றாக முடக்கப்பட்டது. கடையே திறவாத ஊரிற் பலகைக்கு யார் சொல்வர்? தினச் சம்பாத்தியத்தில் வாழ்பவன் அத்தகைய நாள்களைக் கடந்துவரத் தன் பழைய கூலியில் ஏதேனும் மிஞ்சியிருத்தல் வேண்டும். மிஞ்சாத கூலி, கேட்பதற்கு மலிவாயினும், முழுக் கூலி அன்று.

கற்ற காலமும் இவ்வாறே மறைகிறது. 1878இல் இலண்டனில் நடந்த ஒரு வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. ஓவியர் விஸ்லர் தம் படமொன்றுக்கு 200 கினி கேட்டார். விமர்சகர் றஸ்கின் அதனைக் கடுமையாக இகழ்ந்தெழுத, விஸ்லர் மானநட்ட வழக்குத் தொடர்ந்தார். இரண்டு நாள் உழைப்புக்கா இவ்வளவு பணம் என்று குறுக்கு விசாரணையில் வினவப்பட்டபோது, வாழ்நாள் முழுவதும் பெற்ற அறிவுக்காகவே கேட்டதாக அவர் விடையளித்தார். வழக்கில் வென்ற அவருக்குக் கிடைத்த நட்டஈடு ஒரு பார்திங் மட்டுமே. வழக்குச் செலவோ அவரை வங்குரோத்து நிலைக்குத் தள்ளியது. அவர் விடையின் நியாயத்தை மறுப்பது கடினம். எனினும் அதனை அப்படியே பலகைக் கடைக்குக் கொண்டுவருவதில் ஓர் ஆபத்து உண்டு. வாழ்நாள் அறிவுக்கு எல்லை இல்லை. எல்லையற்ற ஒன்றைக் காட்டி எத்தொகையையும் கேட்டுவிடலாம். கற்ற காலம் கூலியைக் கூட்டும் என்பது சரி. எவ்வளவு கூட்டும் என்பதற்கு அது தானே அளவாகிவிடாது.

இவ்விடத்தில் தொழிலில் இயல்பாக நடக்கும் ஒரு சிறு மறைப்பைக் கூறாமல் விடலாகாது. வாடிக்கையாளர் அலுமினியத் தகட்டுக்கும் மின்குமிழுக்கும் மறுபேச்சின்றிப் பணம் தருவார். அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம்; கண்டியில் இன்னொரு கடையில் விலை விசாரிக்கலாம். கைக்கூலி என்று தனியே எழுதினாலோ, 'சாமானுக்கு ஒம்பதாயிரம், ஒங்கட கைக்கு பன்னெண்டாயிரமா, நானா?' என்ற கேள்வி எழும். இக்கேள்விக்கு அஞ்சிய தொழிலாளர் தகட்டின் விலையை ஏற்றிக் கூறிக் கூலியைக் குறைத்து எழுதுகின்றனர். மொத்தம் நியாயமானதாகவே இருக்கலாம். இது பொய்யா? தொகையில் எவருக்கும் நட்டமில்லை, ஆகையாற் பொய்யில்லை என வாதிடலாம். ஆயின் இதன் விளைவு தொலைதூரம் செல்கிறது. தகடுதான் விலையுடையது, கை விலையற்றது என்ற எண்ணத்தைத் தொழிலாளரே வாடிக்கையாளருக்குக் கற்பித்து அனுப்புகிறார். அடுத்து வரும் தொழிலாளர் உண்மைக் கணக்கை எழுதினால் அவரே கொள்ளைக்காரராகத் தோற்றுவார். உழைப்பின் பெறுமதியை மறைப்பவர் யாவரினும் உழைப்பாளரே முதல்வராக நிற்பது ஒரு துயரமான முரண். மனிதனின் சம்பாத்தியம் என்பதே உழைப்பின் பெறுமதிதான் எனப் பதினான்காம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் எழுதினார். பல பொருள்களில் அவ்வுழைப்பு வெளிப்படையாகத் தெரியாது மறைந்து நிற்கும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

அடுத்து வருவது ஒரே பலகைக்கு இருவரிடம் இரு விலை கேட்கலாமா என்பது. பெருநகரத்திலே இது வாணிப உத்தி. அக்குறணை போன்ற ஊரிலோ உறவின் பிரச்சினை. மச்சானின் கடை, ஒரே வகுப்பிற் படித்தவரின் கடை, ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுபவரின் கடை என யாவரும் ஏதோ ஒரு வகையில் 'நம்மட ஆள்' ஆகின்றனர். 'நம்மட ஆள்தானே, கொஞ்சம் பாத்து எடுங்க' என்னும் சொல்லுக்கு மறுப்புச் சொல்வது எளிதன்று. அதனைத் தந்திரம் என்று மட்டும் ஒதுக்கிவிடுவதும் சரியன்று. உறவு என்பதும் ஒரு பெறுமதிதான். முடங்கிய நாள்களில் அரிசி கொடுத்தனுப்பியவர் அதே மச்சானாக இருக்கலாம்.

பழந்தமிழ் வணிக அறம் இதிற் சிறிது கடுமையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும்போது, கொள்வதிலே மிகையும் கொடுப்பதிலே குறையும் இன்றி, பொருளின் விலையை வெளிப்படச் சொல்லி விற்றவர் என்கிறது. திருவள்ளுவர் வணிகரின் நெறியை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்துப் பேசுகிறார்; பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதுவதே அவர் கூறும் இலக்கணம். ஈகையிலோ விருந்தோம்பலிலோ அவர் வணிகரை வைக்காமை சிந்திக்கத்தக்கது. விலை என்பது முதலில் நடுநிலையின்பாற்பட்டது. கொடை அதன்பின் வருவது. விலையிலேயே கொடையைக் கலந்துவிடின் எது விலை, எது கொடை என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. 21,000 ரூபா என்று கணக்குக் காட்டி, 'இதுல ஆறாயிரம் ஒங்களுக்காக விட்டேன்' என்று சொல்வதிற் பெருமிதம் சிறிது தொனிக்கலாம். ஆயினும் பெற்றவர் தாம் பெற்றது என்னவென்று அறிகிறார். வாய்திறவாது 15,000 என்று சொல்வது அடக்கமானதாகத் தோன்றும். மறுநாள் அவர் இன்னொருவரிடம் 'பலகைக்குப் பதினஞ்சுதான் போகும்' என்று கூறுவதற்கும் அதுவே காரணமாகும்.

ஏழைக் கடைக்காரருக்குக் குறைத்தும் செல்வருக்குக் கூட்டியும் வாங்குதல் நீதியெனக் கருதுவோர் உளர். குறைப்பதைப் பற்றி வழக்கில்லை. கூட்டுவதிலேதான் வழக்கு. செல்வரிடம் கூடுதலாக வாங்கும் தொகை எதற்குரிய கூலி? அவர் செல்வத்துக்கு வரி விதிக்கும் அதிகாரத்தைப் பலகை செய்பவருக்கு வழங்கியவர் யார்? மாறாக, செல்வரின் பலகை பெரிது, அவர் ஐந்து முறை மாற்றச் சொல்வார், காசோலைக்கு இரு மாதம் காத்திருக்க வேண்டும் என்றால் அவை யாவும் செய்பவரின் செலவுகளே. அவற்றை வாங்குவதில் தவறில்லை. இங்கே ஒரு வேறுபாடு தெளிவாகிறது. செய்பவருக்கு ஆகும் செலவு, இழப்பு, உழைப்பு ஆகியவற்றை விலையிற் சேர்க்கலாம். வாங்குபவரின் நிலைமையை, அது செல்வமாயினும் இடராயினும், விலையாக்கலாமா என்பதே வினா.

இவ்வேறுபாட்டைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் மிக நுட்பமாக ஆராய்ந்தார். விற்பவர் அப்பொருளைப் பிரிவதால் தமக்கு நேரும் இழப்புக்காக அதன் இயல்பான பெறுமதிக்கு மேலும் பெறலாம். வாங்குபவர் பெரும் பயனடைகிறார் என்பதற்காக மட்டும், தமக்கு இழப்பின்றியே, கூட்டி விற்றலாகாது. ஏனெனில் அப்பயன் வாங்குபவரின் நிலைமையிலிருந்து பிறந்தது, விற்பவருக்குச் சொந்தமானதன்று என்பது அவர் கருத்து. நாளை காலை கடைத் திறப்பு. இன்று மாலை பலகை வேண்டும் என்று ஒருவர் ஓடி வருகிறார். இரவு முழுவதும் விழித்துச் செய்வதற்கு, உதவியாளருக்கு இரவுக் கூலி கொடுப்பதற்கு, முன்னரே ஒப்புக்கொண்ட வேலை பிந்துவதற்குத் தனிக் கூலி கேட்பது நியாயம். உறக்கம் செய்பவருடையது. 'அழைப்பிதழ் கொடுத்தாச்சு, இவருக்கு வேறு வழியில்லை' என்ற எண்ணத்திற் கேட்கும் தொகை நியாயமன்று. அந்தப் பதைப்பு வந்தவருடையது. இரு தொகையும் ஒரே எண்ணாக அமையலாம் என்பதே இதிலுள்ள தொல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர் எவரும் கண்டுபிடிக்க இயலாது.

அக்குறணையில் இது வெறும் ஏட்டு வாதமன்று. பிங்கா ஓயா பெருக்கெடுத்துக் கடைத்தெருவில் வெள்ளம் புகுவதைப் பலமுறை கண்ட ஊர் அது. உயர மாட்டிய பலகை தப்பினாலும், கண்ணாடிக் கதவில் ஒட்டிய எழுத்தும் வாசலில் நிறுத்திய பலகையும் சேற்றோடு போகும். நீர் வடிந்ததும் பல கடைகளுக்கு ஒரே வாரத்தில் எழுத்து வேண்டும். அந்த வாரத்தில் விலையை இரட்டிப்பது அறமா? பொருளியல் பயின்றோர் ஒரு வாதம் கூறுவர்: விலை கூடினால் மாத்தளையிலிருந்தும் கண்டியிலிருந்தும் பிற தொழிலாளர் வருவர், அவசரமில்லாதவர் காத்திருப்பர், வேலை விரைவில் முடியும். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் காத்திருப்பவர் அவசரமில்லாதவர் அல்லர், பணமில்லாதவர்.

இஸ்லாமிய மரபும் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளது. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது விலையை வரையறுத்து விதிக்குமாறு மக்கள் வேண்ட, நபிகள் நாயகம் அதற்கு இணங்கவில்லை. எவருடைய உடைமை தொடர்பாகவும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை என ஹதீஸ் நூல்கள் கூறும். இதனைக் கொண்டு விற்பவர் எவ்விலையும் சொல்லலாம் என முடிவுசெய்வோர்க்கு இப்னு தைமிய்யா (1263 - 1328) விடையளித்தார். பஞ்சத்தாலோ மக்கள்தொகைப் பெருக்கத்தாலோ தானாக உயர்ந்த விலை வேறு. மக்களின் தேவையைக் கண்டு விற்பவர் தாமாக உயர்த்திய விலை வேறு. பின்னையதில், அதனையொத்த பொருளுக்கு வழமையாகக் கிடைக்கும் நிகர் விலைக்கே விற்குமாறு வற்புறுத்தலாம் என்றார். தொழிலாளரின் கூலிக்கும் அவர் இந்நிகர் அளவையே கூறினார். வேறு சமயங்களைச் சார்ந்து, அரை நூற்றாண்டு இடைவெளியில் எழுதிய அக்குவைனாஸும் இவரும் ஒரே எல்லைக்கோட்டைக் கண்டமை வியப்புக்குரியது. இருவரும் கடைத்தெருவை நேரில் அறிந்தவர்கள்போல எழுதினர் என்பதே இங்கு முக்கியம்.

இதுவரை கூறியவை யாவும் ரூபாவின் பெறுமதி ஓரளவு நிலையாக நிற்கும் என்ற எடுகோளில் அமைந்தவை. 2022ஆம் ஆண்டு அவ்வெடுகோளைத் தகர்த்தது. மார்ச் 7ஆந் திகதி வரை டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நாணயமாற்று வீதம் நெகிழவிடப்பட்டது; மே நடுப்பகுதியில் அது ஏறத்தாழ 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம். பெறுமதி சேர் வரி அவ்வாண்டிலேயே 8 வீதத்திலிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. பலகை செய்யும் தொழிலில் மை, வைனில் ஒட்டுத்தாள், அக்ரிலிக், மின்குமிழ் யாவும் இறக்குமதிப் பொருள்கள். மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது இயந்திரமும் நின்றது.

மார்ச் முதல் வாரத்தில் விலை ஒப்புக்கொண்டு, மூன்றிலொரு பங்கு முற்பணம் பெற்று, ஏப்ரல் இறுதியிற் பலகையை ஒப்படைக்க வேண்டிய ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். சொன்ன சொல் நின்றாக வேண்டும் என்பது ஒரு பக்கம். வணிகர் ஊரில் வாய்ச்சொல்லே மூலதனம். அதை இழந்தவருக்கு அடுத்த பலகை கிடையாது. மறுபக்கம், சொன்ன விலையில் மூலப்பொருளே வாங்க இயலாது. அவர்முன் மூன்று வழிகள் திறந்திருந்தன. நட்டத்தைத் தாமே ஏற்கலாம். வாடிக்கையாளரிடம் சென்று உண்மையைக் கூறி மீளப் பேசலாம். மூன்றாவது வழியே மிக எளிது: தகட்டின் தடிப்பைக் குறைத்து, மலிவான ஒட்டுத்தாளை இட்டு, பேசிய விலைக்கே பலகையை ஒப்படைத்துவிடலாம். பலகை அன்று பளபளக்கும். இரண்டு வெயிலுக்குப் பின் எழுத்து வெளிறும். சொல் காப்பாற்றப்பட்டது போலவே இருக்கும்.

மூன்றாம் வழி பொய் என்பதிற் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. முதல் வழி மேன்மையானதாகத் தோன்றுகிறது; ஆனால் அதனைத் தாங்கும் வலிமை எத்தனை சிறு தொழிலாளர்க்கு உண்டு? கையிலுள்ள முற்பணங்கள் அனைத்தையும் நட்டத்திற் கரைத்துவிட்டு மூடப்படும் கடை, பணம் கொடுத்துக் காத்திருக்கும் ஏனைய வாடிக்கையாளரையும் சேர்த்தே ஏமாற்றுகிறது. எஞ்சுவது இரண்டாம் வழி. அவ்வழியில் நடப்பதற்கு ஒரு முன் நிபந்தனை உண்டு: விலை முதலிலேயே பகுத்துச் சொல்லப்பட்டிருத்தல். மூலப்பொருள் இவ்வளவு, கைக்கூலி இவ்வளவு என்று எழுதியிருந்தால், 'கூலி சொன்னபடியே. தகட்டின் விலை மாத்திரம் இதோ, புதிய பற்றுச்சீட்டைப் பாருங்கள்' என்று கூறலாம். வாடிக்கையாளரும் தகட்டைக் குறைக்கவோ, மின்குமிழைத் தவிர்க்கவோ, உயர்வைப் பங்கிட்டுக்கொள்ளவோ தாமே தீர்மானிக்கலாம். தகட்டு விலையிற் கூலியை ஒளித்து வைத்தவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர் பழைய பற்றுச்சீட்டைக் காட்ட இயலாது. காட்டினால் பழைய மறைப்பு வெளிப்படும். நல்ல காலத்தில் எவருக்கும் தீங்கு செய்யாததாகத் தோன்றிய சிறு பொய், நெருக்கடியில் உண்மையைச் சொல்லும் வாயையே அடைத்துவிடுகிறது.

கட்டளையின்பேரில் ஒரு பொருளைச் செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தை இஸ்லாமியச் சட்ட மரபு 'இஸ்திஸ்னாஉ' எனத் தனியே பெயரிட்டு ஆராய்ந்ததும், பொருளின் தன்மையும் விலையும் முற்கூட்டியே ஐயமறத் தெரிந்திருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தியதும் இதனாற்றான் போலும். இலங்கையில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம், உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைவான விலைக்கு நடந்த விற்பனையை இரத்துச்செய்ய இடமளிக்கிறது. பெரும்பாலும் காணி வழக்குகளிலேயே இவ்விதி பேசப்படுகிறது. பலகைக் கூலிக்காக யாரும் நீதிமன்றம் ஏறப் போவதில்லை. ஆயினும் தாமாக ஒப்புக்கொண்ட விலையும் அநீதியாக அமையலாம் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. 'அவரே ஒத்துக்கொண்டார்' என்பது எப்போதும் முழு விடை ஆகாது. குறைவாக விற்ற தொழிலாளர் விடயத்திலும் அவ்வாறே.

இறுதியாக, இந்த மேசையில் இருக்கை இல்லாத ஒருவரைப் பற்றியும் பேச வேண்டும். விலை பேசப்படும்போது உதவியாளன் பின்புறத்தில் தகடு வெட்டிக்கொண்டிருக்கிறான். முற்குறித்த 6,000 ரூபாவை உறவுக்காக விட்டுக்கொடுத்தவர் அதனைத் தம் இலாபத்திலிருந்து விட்டிருந்தால் அது அவர் கொடை. அம்மாதம் 'இந்த மாசம் கஷ்டம், தம்பி, அடுத்த மாசம் சேத்துத் தாறேன்' என்று அவனிடம் கூற நேர்ந்தால், கொடுத்தவர் அவரல்லர். வேலையாளின் வியர்வை உலருமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழியை அறியாதவர் அக்குறணையில் இலர். அந்நபிமொழி கூலி கொடுக்கும் நேரத்தைப் பற்றியது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. விலை சொல்லும் நேரத்தையும் அது தொடுகிறது. குறைத்துச் சொன்ன விலையில் வியர்வை உலருமுன் கொடுப்பதற்குப் பணம் இராது. அதே குறைந்த விலையைக் கேள்வியுற்ற அடுத்த தெருத் தொழிலாளரும் குறைக்கிறார். அங்கேயும் ஓர் உதவியாளன் இருக்கிறான்.

2022க்குப் பின், விலைமதிப்புத் தாள்களின் அடியில் இவ்விலை ஏழு நாள்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும் என எழுதும் வழக்கம் பல தொழில்களிற் பரவிற்று. டொலரின் ஏற்றத்தாழ்வுக்கு அத்தாளில் ஒரு வரி இடம் கிடைத்தது. தகட்டுக்கு ஒரு வரி, ஒட்டுத்தாளுக்கு ஒரு வரி, மின்குமிழுக்கு ஒரு வரி, ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டிக்கு ஒரு வரி. உதவியாளனின் கூலிக்கு இன்னும் ஒரு வரி எழுதுவதற்கு அந்தத் தாளில் இடம் போதாமலில்லை.